கூட்டுப்பணித் தளம்: படிவத்தில் வந்த 214 வரிகளை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஏறத்தாழ 600 பேர் பணிபுரிகிறோம். ஃபைல் சர்வர், மின்னஞ்சல், ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு என்று சிதறிக் கிடக்கும் வேலையை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதற்காக, ஷேர்பாயிண்ட் (கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளம்), டீம்ஸ் (குழுவாகப் பேசவும் கூட்டம் நடத்தவும் உதவும் செயலி) ஆகியவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 உரிமங்களை நிர்வாகம் வாங்கிவிட்டது. நிறுவுவதற்கு முன் தேவைகளைத் திரட்டித் தருமாறு எனக்கு ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். துறைத் தலைவர்களுக்கு ஒரு படிவம் அனுப்பினேன். 214 கோரிக்கைகள் வந்துள்ளன. பெரும்பாலானவை ‘சாட் வேண்டும்’, ‘டாஷ்போர்டு வேண்டும்’, ‘கூகுள் போலத் தேடல் வேண்டும்’ என்ற வகை. ஒன்றுக்கொன்று முரண்படுபவையும் உண்டு. இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது? இன்னும் யாரைக் கேட்க வேண்டும்? இறுதி ஆவணத்தில் யார் கையெழுத்திட வேண்டும்?

பதில்: வரிசைப்படுத்தும் வேலையை இரண்டு வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று படிவம் கேட்டால், மனிதர்கள் தாங்கள் வேறெங்கோ பார்த்த ஒரு வசதியின் பெயரைத்தான் எழுதுவார்கள். உங்களுக்கும் அதுவே நடந்திருக்கிறது. தளத்தைத் தேர்ந்தெடுத்து உரிமமும் வாங்கியாகிவிட்டதால், சாட் எப்படியும் வரத்தான் போகிறது. எந்த வேலைக்கு எதைத் திறந்துவிடுவது, எதை மூடிவைப்பது, யார் கையில் எந்தச் சாவியைக் கொடுப்பது என்பவைதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டியவை. அவற்றுக்கான விடை அந்த 214 வரிகளுக்குள் அநேகமாக இருக்காது. அந்த வரிகளை எழுதியவர்களின் துறைகளில், அன்றாடம் கோப்பைக் கையாள்பவரின் மேசையில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்குத் துறையிலிருந்து ‘தானியங்கி ஒப்புதல் வசதி வேண்டும்’ என்ற ஒற்றை வரி வந்தது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தத் துறையில் பில்களைக் கையாளும் எழுத்தர் ஒருவரின் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மின்னஞ்சலில் வந்த பில்லை அவர் பொது டிரைவில் சேமித்தார், அச்செடுத்தார், மேலாளரின் அறைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார், ஸ்கேன் செய்து, ஏற்கெனவே இருந்த கோப்பின் பெயரோடு ‘கையொப்பம்’ என்று சேர்த்து அதே கோப்புறையில் வைத்தார், பிறகு அதையே இணைப்பாக மூன்று பேருக்கு மின்னஞ்சல் செய்தார். இவ்வளவும் முடிந்தபின் மூவரையும் தொலைபேசியில் அழைத்து, ‘மெயில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிடுங்கள்’ என்றார். விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த பில் யாரிடம் நிற்கிறது என்று பென்சிலால் எழுதி, திரும்பி வந்ததும் அழிப்பதற்காக.

துறைத் தலைவரின் வரியில் அந்த நோட்டுப் புத்தகம் இல்லை; அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எழுத்தருக்கு வேண்டியிருந்தவை இரண்டு: பில் எந்த மேசையில் நிற்கிறது என்பது யாரையும் அழைக்காமலே தெரிய வேண்டும், மேலாளர் விடுப்பில் இருந்தால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது உண்மையில் மென்பொருள் சார்ந்ததே அல்ல. விடுப்புக் காலத்தில் யார் கையெழுத்திடலாம் என்று அந்த நிறுவனத்தில் எவரும் முடிவு செய்திருக்கவில்லை. அந்த முடிவு எடுக்கப்படாத வரையில் எந்தத் தானியங்கி ஒப்புதலும் முதல் விடுப்பு நாளிலேயே நின்றுபோயிருக்கும்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களில் ஆறு அல்லது ஏழு பேரின் பக்கத்தில் உட்காருங்கள். துறைக்கு ஒருவர் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அடிக்கடி கைமாறும் ஆவணங்களைத் தேர்ந்தெடுத்து, அவை போகும் வழியில் இருப்பவர்களைப் பிடியுங்கள். ‘வழக்கமாக எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டால் விதிமுறை விடையாக வரும். ‘கடைசியாக நேற்று ஒன்று செய்தீர்களே, அதைத் திறந்து காட்டுங்கள்’ என்றால்தான் வேலை வெளியே வரும். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, சொந்தமாக வைத்திருக்கும் எக்செல் கோப்பு, தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல், அலுவல் கோப்புகள் புழங்கும் வாட்ஸ்அப் குழு ஆகிய ஒவ்வொன்றும் இப்போதைய முறையில் உள்ள ஓர் ஓட்டையை அடைக்க யாரோ போட்ட ஒட்டு. அவற்றைக் குற்றமாகப் பதிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறீர்கள் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டாலும், மறுநாள் அந்த நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

யாரைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் படிவம் துறைத் தலைவர்களுக்கு மட்டுமே போனது. ஆகையால் நிறுவன மின்னஞ்சல் இல்லாதவர்களை அது எட்டவே இல்லை. கிடங்கிலும், வண்டியிலும், இரவுப் பணியிலும் இருப்பவர்கள் கைபேசியில் மட்டுமே இந்தத் தளத்தைத் திறக்கப்போகிறார்கள், அதுவும் சில இடங்களில் சிக்னல் சரியாக இல்லாமல். வெளியிலிருந்து கோப்பு அனுப்பும் ஒப்பந்ததாரர்கள், ஆண்டுக்கு ஒருமுறை வந்து பழைய ஆவணங்களைக் கேட்கும் தணிக்கையாளர்கள், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு வேலை செய்யும் பார்வைக் குறைபாடுள்ள ஊழியர்கள் ஆகியோரும் விடுபட்டிருப்பார்கள். ஒருவரேனும் ஒவ்வொரு வகையிலிருந்தும் வேண்டும்.

அவர்களிடம் பேசும்போது ஒரு கணக்கை மனத்தில் ஓட்டிக்கொண்டே இருங்கள்: கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது, பயன் யாருக்குப் போகிறது? 1988-ஆம் ஆண்டிலேயே ஜோனதன் க்ருடின் என்ற ஆய்வாளர், கூட்டுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இதைத்தான் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். கூட்டத்துக்குத் தானாகவே நேரம் குறித்துத் தரும் மின்-நாட்காட்டியை அவர் எடுத்துக்கொண்டார்: கூட்டம் கூட்டும் மேலாளருக்கு அது வசதி, ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் மற்ற எல்லோரும் தங்கள் நாட்காட்டியை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992-இல், வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் என்ற கூட்டுப்பணி மென்பொருள் அறிமுகமானதைக் கவனித்து எழுதினார். வாடிக்கையாளர் கணக்கில் எழுதக்கூடிய மணிநேரத்தை வைத்தே மதிப்பிடப்பட்ட ஆலோசகர்களுக்குப் புதிய தளத்தைக் கற்கவே நேரமில்லை. ஒருவரையொருவர் முந்தினால்தான் பதவி உயர்வு என்ற சூழலில், தமக்குத் தெரிந்ததைப் பொதுவில் வைக்க யாருக்கும் காரணமும் இல்லை. மென்பொருள் பழுதில்லாமல்தான் இருந்தது.

உங்கள் 214 வரிகளில் ‘ஒவ்வொரு ஆவணத்துக்கும் திட்டத்தின் பெயர், வகை, ரகசியத் தன்மை எல்லாம் கட்டாயமாகப் பதிய வேண்டும்’ என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அறிக்கை எடுப்பவர் எழுதிய வரி அது. கோப்பை ஏற்றுபவர் ஒரு நாளைக்கு நாற்பது முறை எட்டுப் பெட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தால், இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றிலும் ‘பிற’ என்பதைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார். எட்டில் எத்தனை கோப்புறையின் இயல்பிலிருந்தே தானாக வந்துவிடும் என்று முதலில் கணக்கிடுங்கள். மீதியை நிரப்புவதற்குப் பதிலாக அவருக்கு என்ன மிச்சமாகிறது என்று சொல்ல முடியாவிட்டால், அந்தப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மனிதர்களிடம் கேட்டு அறிய முடியாத ஒன்று ஃபைல் சர்வருக்குள் இருக்கிறது. அதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்துக்காகத் தேவைகளைத் திரட்டியபோது, மொத்தம் எத்தனை ஜி.பி. என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். மிகப் பெரிய கோப்புறையில் எத்தனை கோப்புகள் என்று கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கோப்புறைக்குள் கொட்டப்பட்ட சரக்கு ரசீதுகளை அப்படியே ஷேர்பாயிண்ட் நூலகம் (கோப்புகள் தங்கும் தொகுப்பு) ஒன்றுக்கு மாற்றினோம். ஒரு நூலகம் 3 கோடி உருப்படிகள் வரை கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் குறியீடு (விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்) அமைக்காத ஒரு நெடுவரிசையைக் கொண்டு வடிகட்டவோ வரிசைப்படுத்தவோ முயன்றால், 5,000 உருப்படிகள் என்ற காட்சி வரம்பு குறுக்கே வந்து நிற்கும். திங்கட்கிழமை காலை ரசீது தேடிய ஒவ்வொருவரின் திரையிலும் அந்தப் பிழைச்செய்தி வந்தது. நூலகம் சிறியதாக இருக்கும்போதே குறியீட்டை அமைத்து, ஆண்டுவாரியாகப் பிரித்திருந்தால் அரை நாள் வேலை. நிரம்பிய பிறகு அதைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

எனவே ஐ.டி. துறையிடம் ஃபைல் சர்வரின் கணக்கெடுப்பு ஒன்றைக் கேளுங்கள்: பெரிய கோப்புறைகளில் உள்ள எண்ணிக்கை, கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி, ஒரே கோப்பின் எத்தனை நகல்கள். கோப்புறைகளின் ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; கோப்புறைப் பாதையும் கோப்பின் பெயரும் சேர்ந்து 400 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் ஷேர்பாயிண்ட் ஏற்காது. ஒரு வாக்கியத்தையே கோப்பின் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவராவது இருக்கிறார்.

அதே கணக்கெடுப்பில் அனுமதிகளையும் பாருங்கள். நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். பழைய சர்வரில் பல கோப்புகள் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், ஏழு கோப்புறைகளுக்குள் அவை இருப்பது யாருக்கும் தெரியாது என்பதே. அனுமதிப் பட்டியலில் ‘அனைவரும்’ என்று இருந்தாலும் எவரும் அங்கே போனதில்லை. ‘கூகுள் போலத் தேடல் வேண்டும்’ என்று எழுதியவருக்கு அது கிடைக்கும் நாளில், ‘சம்பளம்’ என்று ஒருவர் தட்டச்சு செய்தால், அவருக்கு அனுமதி இருக்கும் எல்லாக் கோப்புகளையும் தேடல் நேர்மையாக எடுத்து முன்னால் வைக்கும். அனுமதி இல்லாததை அது காட்டாது. கவனக்குறைவாகக் கொடுத்த அனுமதியையும் அது மன்னிக்காது. கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்தால், கோப்பின் பெயரைக்கூட யாரும் யூகிக்க வேண்டியதில்லை. தேடல் வேண்டும் என்ற கோரிக்கையின் பக்கத்தில், ‘மாற்றத்துக்கு முன் மனிதவளம், நிதி, சட்டம் ஆகிய துறைகளின் அனுமதிகளை அந்தந்தத் துறையினரே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்’ என்ற வரியும் இருந்தாக வேண்டும். அதைச் செய்ய ஐ.டி. துறையால் முடியாது, எந்தக் கோப்பு யார் கண்ணில் படக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கோப்பு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதையும் எவரும் படிவத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். டீம்ஸில் ஒரு சேனலில் (குழுவுக்குள் ஒரு தலைப்புக்கான பொது உரையாடல் இடம்) பகிர்ந்த கோப்பு, அந்தக் குழுவின் ஷேர்பாயிண்ட் தளத்தில் போய் உட்காரும். அதே கோப்பைத் தனிப்பட்ட சாட்டில் பகிர்ந்தால், அனுப்பியவரின் ஒன்டிரைவில், அதாவது அவருடைய தனிக் கோப்புச் சேமிப்பிடத்தில், உட்காரும். அவர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கை நீக்கியதும், அமைப்பை யாரும் மாற்றியிருக்காவிட்டால் 30 நாட்களில் அந்த ஒன்டிரைவும் நீக்கத்துக்குப் போய்விடும். சாட்டில் கோப்பு அனுப்பும் பழக்கம் எந்தக் குழுக்களில் வேரூன்றியிருக்கிறது என்பதை, இப்போதுள்ள வாட்ஸ்அப் பழக்கத்தை வைத்தே நீங்கள் சொல்லிவிடலாம்; அந்தக் குழுக்களுக்குத்தான் சேனலை முதலில் பழக்க வேண்டும். எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் மாறும் சட்ட விஷயம். சட்டத்துறையிடம் எழுத்தில் பெறுங்கள். வெளியாருக்குக் கோப்பைப் பகிரலாமா, எந்தத் துறைகள், எத்தனை நாளுக்கு என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடித்துவிடலாம். யார் வேண்டுமானாலும் புதிய குழுவைத் தொடங்கலாம் என்பதே மைக்ரோசாஃப்ட் 365-இன் இயல்பான அமைப்பு என்பதால், அதை அப்படியே விடுவதா, சிலருக்கு மட்டும் என்று குறுக்குவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முழுதாக மூடினால் மக்கள் வாட்ஸ்அப்புக்கே திரும்புவார்கள்; முழுதாகத் திறந்தால் ஒரே பெயரில் நான்கு குழுக்கள் முளைக்கும். பெயரிடும் முறையையும் காலாவதியையும் வகுத்துவிட்டுத் திறந்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

இவ்வளவுக்கும் பிறகு அந்த 214 வரிகளுக்குத் திரும்புங்கள். ஒவ்வொன்றையும், யார், எந்த வேலையின் நடுவில், எதைச் செய்ய இயல வேண்டும், அது இயன்றது என்று எப்படிச் சோதிப்போம் என்பது தெரியுமாறு திருத்தி எழுதுங்கள். ‘தானியங்கி ஒப்புதல் வசதி வேண்டும்’ என்பது இப்படி ஆகும்: ‘பில்லைப் பதிவு செய்யும் எழுத்தர், அது இப்போது யாரிடம், எத்தனை நாளாக நிற்கிறது என்பதை வேறெவரையும் கேட்காமல் ஒரே திரையில் பார்க்க இயல வேண்டும், ஒப்புதல் தருபவர் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தராவிட்டால், பட்டியலில் அவருக்கு மாற்றாகக் குறிக்கப்பட்டவரிடம் அது செல்ல வேண்டும்.’ இப்படி எழுத முடியாத வரிகளும் இருக்கும். அவற்றை அனுப்பியவரிடம் திரும்பப் போய், கடைசியாக எந்த நாளில் இது இல்லாமல் சிரமப்பட்டீர்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு நாளை அவரால் சொல்ல முடியாவிட்டால், அந்த வரியைத் தனித் தாளில் எடுத்து வையுங்கள்.

முரண்படும் வரிகளை நீங்களே சமரசம் செய்துவிட வேண்டாம். விற்பனைத் துறை எல்லா ஒப்பந்தங்களையும் பார்க்க விரும்புகிறது, சட்டத்துறை மூடிவைக்க விரும்புகிறது என்றால், உண்மையான ஓர் ஒப்பந்தத்தை நடுவில் வைத்து இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பெரும்பாலும், ஒருவருக்கு வேண்டியது காலாவதித் தேதி மட்டுமே என்பதும், மற்றவர் மறைக்க நினைப்பது விலைப் பட்டியலை மட்டுமே என்பதும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்னுரிமைக்கு, கட்டாயம் வேண்டும், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்காகப் பிரிக்கும் முறை 1994-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மாஸ்கோ (MoSCoW) முறை என்பார்கள்; ஊரின் பெயரல்ல, Must, Should, Could, Won't என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். முறையில் பிழையில்லை, ஆனால் துறைத் தலைவர்களிடம் தாளைக் கொடுத்தால் எல்லாமே ‘கட்டாயம்’ என்ற கட்டத்தில் வந்து குவியும். நான் தாளைக் கொடுப்பதில்லை. ‘தொடங்கும் நாளில் இது இல்லை என்றால், மறுநாள் காலை எந்த வேலை நிற்கும், யார் முதலில் உங்களை அழைப்பார்?’ என்று கேட்டு, விடையை நானே உரிய கட்டத்தில் எழுதுவேன். அழைப்பவரின் பெயர் வராத வரி முதல் கட்டத்துக்குள் வராது.

ஆறு வாரங்களில் நான்காவது வாரத்தின் முடிவுக்குள் எழுத்து வேலை முடிந்துவிட வேண்டும். மீதி இரண்டு வாரத்தில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த ஆறேழு பேரையும் ஒரு சோதனைத் தளத்தில் அவர்களுடைய சொந்த ஆவணத்தைக் கொண்டே வேலை செய்யவிடுங்கள். உரிமம் ஏற்கெனவே கையில் இருப்பதால் இதற்குத் தடை இருக்காது. ஆவணத்தில் நீங்கள் எழுதியவற்றுள் சில அங்கே உடையும். ஐ.டி. துறையினரைக் கொண்டே சோதனை நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அவர்கள் எந்தத் தளத்தையும் சமாளித்துவிடுவார்கள்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, நிதி ஒதுக்குபவரும் துறைத் தலைவர்களும் இடுவது அலுவலக முறைக்கு. அதற்கு முன், ஒவ்வொரு தேவைக்கும் நேராக அந்த வேலையைச் செய்பவரின் பெயரை எழுதி, அவர் அந்த வரியைப் படித்துச் சுருக்கொப்பம் இடச் செய்யுங்கள். பில் எழுத்தரிடம் நான் அப்படிக் கொடுத்தபோது அவர் இரண்டு முறை படித்துவிட்டு, ‘இரண்டு நாள்’ என்பதை அடித்து, மாதக் கடைசியில் மட்டும் அரை நாள் என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார்.